வெள்ளை இருந்த பக்கம்

விளக்கு அணைந்ததும் தணிகாசலத்துக்கு முதலில் நினைவுக்கு வந்தது டீதான். படம் முடிந்து பேச்சு தொடங்கும்போது டீ வந்துவிட வேண்டும், படம் ஓடும்போது வந்துவிடக் கூடாது. போன வெள்ளிக்கிழமை கேன்டீன்காரர் நட்டநடுவில் கதவைத் திறந்து, வெயிலையும் கூட்டிக்கொண்டு உள்ளே வந்து, “சீனி இல்லாதது எத்தனை சார்?” என்று கேட்டார், திரையில் அப்போது ஒரு அம்மாள் மகனைப் பறிகொடுத்து அழுதுகொண்டிருந்தாள். இன்றைக்குக் கதவைத் தாழ் போடச் சொல்லியிருக்கலாம். போட்டால் மூச்சு முட்டும். இந்தக் கூடம் ஒரு காலத்தில் பல்கலைக்கழக நூலகத்தின் பத்திரிகை அறையாக இருந்தது. ஜன்னல்களெல்லாம் படிக்கிறவர்களுக்காக வைத்தவை, இருட்டில் உட்கார்கிறவர்களுக்காக அல்ல. இப்போது இதுதான் கலைக்கூடம். கண்காட்சிக்கும் வெள்ளிக்கிழமைப் படத்துக்கும் இந்த ஒரே அறைதான். அதனால் படம் போடும்போது ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி, சுவரில் மாட்டியிருக்கும் ஓவியங்களுக்கும் கறுப்புத் துணி. ஓவியத்துக்கு எதற்குத் துணி என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். சட்டத்தின் கண்ணாடியில் திரை வெளிச்சம் பட்டுத் தெறிக்கும், கண் அங்கே போகும், அதற்குத்தான். படம் முடிந்து விளக்கு போட்டதும் மாணவர்கள் ஆளுக்கொரு துணியை உருவுவார்கள். அந்த நேரம் தணிகாசலத்துக்குப் பிடிக்கும். தமிழ்த்துறைக்காரனுக்கு எதற்குக் கலைக்கூடப் பொறுப்பு என்றால், மற்ற எல்லாரும் தங்களுக்கு வேண்டாம் என்றார்கள், அவனுக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. எப்போதோ ஓவியங்களைப் பற்றி நாலு கட்டுரை எழுதியது வினையாகப் போயிற்று. ஆனால் இந்த மாதக் கண்காட்சியை மட்டும் அவன் கேட்டு வாங்கிச் செய்தான். சௌந்தரவல்லி அக்காவின் ஓவியங்கள். உறவு இல்லை, பழக்கத்தில் அக்கா. அக்காவைப் பற்றி நிலோபர் எடுத்த படம்தான் இப்போது ஓடப் போகிறது. அக்கா அவனுக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்தாள், அவளுக்கு அந்தப் பக்கம் நிலோபர். முதல் வரிசையில் மூன்று பேரும் பரீட்சை ஹாலிலிருந்து கொண்டுவந்த நாற்காலிகளில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள், பரீட்சை எழுத வந்தவர்கள் மாதிரியே.

அக்காவின் புடவையிலிருந்து டர்பென்டைன் வாசனை வரவில்லை. எப்போதும் வரும். எத்தனை துவைத்தாலும் போகாத அந்த வாசனைக்காக அவள் மகன் வீட்டுக் குழந்தைகள் அவளைப் பெட்ரோல் ஆச்சி என்று கூப்பிடுவார்கள் என்று அவளே சொல்லிச் சிரித்திருக்கிறாள். இன்றைக்கு வெறும் சோப்பு வாசனை. வரைவதை விட்டுவிட்டாளா? மகன் வீட்டுக்கே அவள் குடிபோன பிறகு பின்கட்டில் ஒரு அறையை ஒழித்துக் கொடுத்ததாகத்தானே சொன்னாள்? திரையில் முதலில் சத்தம்தான் வந்தது, தண்ணீர்க் குழாய் சத்தம், பிறகு கை. அக்காவின் கை. குழாயடியில் தூரிகைகளை உள்ளங்கையில் வைத்து வட்டமாகத் தேய்த்துக் கழுவுகிறாள். பாத்திரம் தேய்க்கிற நிதானம். கேமரா நகரவே இல்லை. நல்ல தைரியம்தான் இந்தப் பெண்ணுக்கு என்று தணிகாசலம் நினைத்தான். பின்வரிசைப் பையன்கள் இந்நேரம் செல்போனை எடுத்திருப்பார்கள். எடுக்கட்டும். நிலோபர் ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் சென்னையிலிருந்து கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து, அக்கா வீட்டு மாடியில் தங்கி, அக்கா வைத்த குழம்பைச் சாப்பிட்டு, இதை எடுத்தாள். கோர்த்து முடிக்க இத்தனை காலம் ஆகிவிட்டது. வேறெங்கும் காட்டாமல் முதலில் இங்கேதான் காட்டுவேன் என்று சொல்லிவிட்டாள். பூனை வந்தது. அக்கா பூனையைத் திட்டினாள். சிரிப்பு எழுந்தது. அக்காவும் சிரித்தாள், திரையிலும் நாற்காலியிலும். தணிகாசலம் நாற்காலியில் கொஞ்சம் சரிந்து உட்கார்ந்தான். கண்காட்சிக்காகச் சட்டங்களைத் தூக்கி மாட்டியதில் தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. கோமதி தைலம் தேய்த்துவிட்டபடியே, “ஆபீஸ்ல ஆளா இல்ல? எல்லாம் நீங்களே செய்யணுமா?” என்றாள். ஆள் இருக்கிறார்கள். ஆனால் அக்காவின் ஓவியங்களை எப்படி மாட்டுவது என்று அவர்களுக்குத் தெரியாதே. அவனுக்குத்தானே தெரியும். கேமரா அறைக்குள் போனது. சுவரில் சாய்த்து வைத்த பலகையில் பாதி வரைந்த ஓவியம். பெரிய சாம்பல் நீலம், அதற்குக் கீழே வெள்ளைக் கட்டங்கள். அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்து கீழ் ஓரத்தில் வெள்ளையை இழுத்துக்கொண்டிருந்தாள். “இது உப்பளம்,” என்று திரையில் சொன்னாள். “இந்த வெள்ளை காலு வைக்கிற எடம். இங்கன நின்னாத்தான் மேல உள்ளதைப் பாக்க முடியும்.” கீழே வெள்ளை. தணிகாசலம் தலையாட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தவன் நிறுத்தினான்.

கீழே வெள்ளை. ஆனால் சுவரில் வெள்ளை மேலே அல்லவா இருக்கிறது? திரைக்கு இடப்பக்கச் சுவரில் நடுநாயகமாக, கறுப்புத் துணிக்குப் பின்னால், அந்த ஓவியம் தொங்குகிறது. வெள்ளைக் கட்டங்கள் மேலே, சாம்பல் நீலம் கீழே. வேறு ஓவியமாக இருக்குமோ? அக்கா எதற்கும் பெயர் வைப்பதில்லை, ஒரே மாதிரி இரண்டு மூன்று செய்வதும் உண்டு. இல்லை. அந்த ஓரத்துக் கட்டத்தில் ஒரு சின்னத் துருப்பிடித்த சிவப்பு இருக்கிறதே, அது திரையில் வலது கீழ் மூலையில் தெரிகிறது. சுவரில் அது இடது மேல் மூலையில். அதே ஓவியம்தான். தலைகீழாகத் தொங்குகிறது. மாட்டியது யார்? ஆபீஸ் ஆள் மாட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், இந்நேரம் மனசுக்குள் அவனைத் திட்டி முடித்திருக்கலாம். மாட்டியது அவனேதான். அதுவும் எப்படி மாட்டினான் என்று நினைக்கும்போது இருட்டிலும் காது சூடாயிற்று. ஊரில் எல்லாரும் ஓவியத்தின் பின்பக்கம் மேலே போக வேண்டிய பக்கத்தைக் காட்டி அம்புக்குறி போடுவார்கள். அக்கா மட்டும் அம்பைக் கீழ்நோக்கிப் போடுவாள். படம்னா அது காலை ஊன்றி நிக்கணும், தலையைப் பிடிச்சுத் தொங்கப்படாது, கால் எங்கேன்னு தெரிஞ்சாப் போதும் என்பாள். இது தெரியாமல் எத்தனையோ இடத்தில் அவள் ஓவியங்களைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள், அவள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள், தணிகாசலமும் கூடச் சேர்ந்து சிரிப்பான். தெரிந்தவன் சிரிக்கிற சிரிப்பு. இந்த உப்பளம் சென்னையில் ஒருவர் வீட்டில் இருந்து இரவல் வந்தது. சட்டம் போட்ட கடைக்காரர் பின்னால் காக்கித்தாள் ஒட்டி, அக்காவின் அம்பை மறைத்து, அதன் மேல் தன் கையால் ஓர் அம்பு போட்டிருக்கிறார், ஊர் வழக்கப்படி, மேல்நோக்கி. தணிகாசலம் அம்பைத்தான் பார்த்தான், அது யார் கை என்று பார்க்கவில்லை. அக்காவின் அம்பு என்றால் இது கால் பக்கம் அல்லவா, அதில் போய் வளையத்தை முடுக்கி வைத்திருக்கிறார்களே மடையர்கள் என்று, மெனக்கெட்டு வளையங்களைக் கழற்றி, மறுபக்கத்தில் துளை போட்டு, புதிதாகக் கம்பி கட்டி, தலைகீழாக்கினான். வேலை முடிந்ததும் எட்டி நின்று பார்த்து, அக்காவைத் தெரிந்தவன் ஒருத்தனாவது இந்த ஊரில் இருக்கிறானே என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டான்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. எழுதி ஒட்டினான். ‘வெண்மை இங்கே தலைக்கு மேல் கனக்கிறது, இருள் காலடியில் அமைதி கொள்கிறது.’ நல்ல பெரிய எழுத்தில், லேமினேட் செய்து. தொடக்க விழாவில் துணைவேந்தர் அதை உரக்கப் படித்துவிட்டு, ஆழமா இருக்கே என்றார். தினசரியில் அந்த வரியை அப்படியே போட்டார்கள். கனக்கிறதாம். உப்பளத்தில் நிற்கிற ஜனங்களைத் தூக்கிக் கூரையில் நிற்க வைத்துவிட்டு, கனக்கிறது என்று எழுதியிருக்கிறான். தணிகாசலத்துக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வரப் பார்த்தது. திரையில் அக்கா டீ குடித்துக்கொண்டிருந்தாள். டீ எங்கே? டீ கிடக்கட்டும். படம் முடிய இன்னும் பாதி இருக்கிறது. இருட்டாகத்தானே இருக்கிறது, சுவரோரமாகப் போய், துணிக்குள் கையை விட்டு, மெதுவாகத் திருப்பிவிட்டால்? வளையம் ஒரு பக்கம்தானே இருக்கிறது. திருப்பினால் எதில் தொங்கும்? கீழே போடலாம், கண்ணாடி உடையும், உடைந்தால் விபத்து, விபத்துக்கு யாரும் தலைகீழா நேரா என்று கேட்க மாட்டார்கள். சே, என்ன யோசனை இது. துணியை எடுக்காமலே விட்டுவிடலாமா? ஒரே ஒரு ஓவியத்தை மட்டும் மூடி வைத்தால் அதைத்தான் முதலில் போய்ப் பார்ப்பார்கள். சொல்லிவிடலாம். மைக்கை வாங்கி, தப்பு என்னுடையது, மன்னிக்கணும் என்றால் தீர்ந்தது. நாலு பேர் சிரிப்பார்கள். துறையில் ஒரு மாதம் சொல்லிக் காட்டுவார்கள். ‘கனக்கிறது’ என்று அவனுக்குப் பட்டப்பெயரே வைத்துவிடலாம். வைக்கட்டும், ஒன்றும் குடி முழுகிவிடாது. ஒரு பேராசிரியன் ஓர் ஓவியத்தைத் தலைகீழாக மாட்டினான், அவ்வளவுதானே. மூச்சு கொஞ்சம் சீரானது. சீராகி வரும்போதுதான் அந்த இன்னொரு விஷயம் தட்டுப்பட்டது. அவன் அதைச் சுற்றியே வந்துகொண்டிருந்தான், இப்போது அதன் மேலேயே கால் வைத்துவிட்டான்.

அக்கா ஏன் ஒன்றும் சொல்லவில்லை? தொடக்க விழாவன்றைக்கு வந்தாள், ஒவ்வொரு ஓவியமாகப் பார்த்தாள், இதன் முன்னால்தான் ரொம்ப நேரம் நின்றாள். அவன் பக்கத்திலேயே நின்றான், புகழுக்குக் காத்துக்கொண்டு. அவள் தலையை ஒரு பக்கம் சாய்த்து, “நல்லா இருக்கே. யாரு வரைஞ்சது?” என்றாள். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அக்காவின் குறும்பு ஊரறிந்தது. தணிகாசலமும் சிரித்தான், கொஞ்சம் அதிகமாகவே. அவள் சிரித்தாளா? முகத்தைக் கொண்டுவரப் பார்த்தான். அந்த நேரத்தில் யாரோ சால்வையோடு குறுக்கே வந்தார்கள், முகம் வரவில்லை. சிரித்திருப்பாள். தலைகீழாக மாட்டியதைக் கண்டுபிடித்துவிட்டு, இவன் மானத்தை வாங்க வேண்டாம் என்று, குறும்பாகக் குத்திக் காட்டியிருப்பாள். அப்படியென்றால் பிறகு தனியாக இருக்கும்போது சொல்லியிருப்பாளே. ஆட்டோவில் கொண்டுபோய் விடும்போது வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தாளே, நிலோபர் அனுப்பிய போட்டோவைப் பார்த்து, ரொம்ப மெலிஞ்சுட்டா என்றுகூடச் சொன்னாளே. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்து, மின்வாரியக்காரன் மீட்டரைப் பார்க்க வந்து அவள் ஓவியத்தைப் பார்த்துவிட்டுப் போன கதையைச் சொன்னாள், வயிறு வலிக்கச் சிரித்தார்கள். இவன் குளித்துவிட்டு வருவதற்குள் மறுபடியும் போன். அதே கதை. அதே இடத்தில் அதே மாதிரி நிறுத்தி, அதே மாதிரி சிரித்தாள். அவனும் புதிதாகக் கேட்கிற மாதிரி சிரித்தான். போனை வைத்த பிறகு கோமதி, “யாரு?” என்றாள். “அக்காதான்,” என்றான். “இப்பத்தானே பேசுனீங்க?” என்றாள். அவன் துண்டைக் காயப்போடப் போய்விட்டான். பயம் அன்றைக்கே வந்துவிட்டது. அதைக் கொடியில் போட்டுவிட்டு வந்துவிட்டோம் என்றுதான் நினைத்திருந்தான். ஆனால் இருக்கட்டும், இப்படியும் பார்க்கலாமே: ஓவியம் தலைகீழாக இருந்ததனால்தான் அடையாளம் தெரியவில்லை. சொந்தப் பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வந்து காட்டினால் எந்தத் தாய்க்கும் ஒரு நிமிஷம் திகைக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். எல்லாம் இவன் செய்த தப்பு. தன் தப்பாகவே இருக்க வேண்டுமே என்று ஒருத்தன் இத்தனை ஆசையோடு வேண்டிக்கொள்வான் என்று தணிகாசலம் அதுவரை நினைத்ததில்லை. முழுக்க முழுக்கத் தன் தப்பு. மடையன், அகம்பாவி, தெரிந்தவன் என்ற திமிர் பிடித்தவன். திட்டத் திட்ட மனசுக்கு இதமாக இருந்தது.

“அந்தப் பூனை செத்துப் போச்சு,” என்றாள் அக்கா, இருட்டில், அவன் காதோரமாக. “மழைக்காலத்துல. கொய்யா மரத்தடியில பொதைச்சோம்.” தணிகாசலம் திரும்பினான். திரை வெளிச்சம் அவள் முகத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பூனை உண்மைதான். கொய்யா மரமும் உண்மைதான், அவனே போய்ப் பார்த்திருக்கிறான். பார், எவ்வளவு தெளிவாகச் சொல்கிறாள். ஒன்றும் இல்லை, வயதானால் எல்லாருக்கும் கொஞ்சம் அப்படி இப்படித்தான், இவன்கூட நேற்றுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே கண்ணாடியைத் தேடினான். அக்காவின் கை நாற்காலிப் பிடியில் இருந்தது. திரையிலும் அதே கை, வெள்ளையைக் குழைக்கிறது. நாற்காலியில் இருந்த கையின் விரல்கள் லேசாக அசைந்தன, கூடவே குழைக்கிற மாதிரி. அவள் கை எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கிறது. “தணிகாசலம்,” என்றாள் மறுபடியும், மெல்ல. “ஒம் மக இப்பம் எத்தனாங் கிளாஸ்?” அவன் மகளுக்குக் கல்யாணமாகிவிட்டது. கல்யாணத்துக்கு அக்கா முந்தின நாளே வந்து, மணமேடைக்குப் பின்னால் தொங்கவிட்ட திரைச்சீலையைப் பார்த்துச் சகிக்காமல் தானே ஏணி போட்டு ஏறி மாற்றிக் கட்டினாள். “பாஸாயிட்டாக்கா,” என்றான். வேறென்ன சொல்வது? “நல்லாப் படிக்கட்டும்,” என்றாள் அக்கா. திரையில் காற்று உப்பளத்தின் மேல் போனது, சத்தம் மட்டும், நிறைய நேரம். தலைகீழ் மட்டும் காரணம் இல்லை, அக்காவுக்கு நிஜமாகவே மறந்துபோகிறது. அப்படியானால் மைக்கை வாங்கி, தப்பு என்னுடையது, நான்தான் தலைகீழாக மாட்டினேன் என்று சொல்ல முடியாது. சொன்னால் அடுத்த கேள்வி என்ன? அப்போ மேடம் ஏன் கவனிக்கவில்லை? அவர்கள் நேரிலேயே வந்து பார்த்தார்களே, போட்டோவெல்லாம் இருக்கிறதே? இத்தனை பேருக்கு முன்னால் அவளைக் கொண்டுபோய் நிறுத்துகிற மாதிரி ஆகும். ஒருவரும் கவனிக்காமல் போய்விடலாம். இதோ பையன்கள் செல்போன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தன் மாணவர்கள் எதையும் கவனிக்காதவர்களாக இருக்க வேண்டும் என்று இருபது வருஷ வாத்தியார் வாழ்க்கையில் முதல் தடவையாக வேண்டிக்கொண்டான்.

விளக்கு வந்தது. கைதட்டல் வந்தது. டீ வந்தது, சரியான நேரத்துக்கு, கேன்டீன்காரர் பெருமையோடு கதவோரம் நின்றார். மாணவர்கள் எழுந்து ஆளுக்கொரு துணியை உருவினார்கள். உப்பளம் வெளியே வந்தது, வெள்ளை மேலே, சாம்பல் நீலம் கீழே. நிலோபர் அதைப் பார்த்தாள். இன்று மதியம்தான் ரயிலில் வந்திறங்கினாள், அதற்குள் துணிகளைப் போட்டு மூடியிருந்தார்கள், இப்போதுதான் முதலில் பார்க்கிறாள். அவள் வாய் கொஞ்சம் திறந்து மூடியது, அவனைப் பார்த்தாள். அவளை மேடைப் பக்கம் அழைத்து, மைக்கைக் கொடுத்து, தணிகாசலம் ஏதோ நன்றி சொன்னான். கேள்விகள் வந்தன. எந்த கேமரா, எத்தனை நாள், பூனைக்கு என்ன பேர். அவன் ஒவ்வொன்றுக்கும் ஓர் அடி கரையேறினான். பிறகு இரண்டாம் ஆண்டு இசக்கியம்மாள் எழுந்தாள். நன்றாகப் படிக்கிற பெண், அவன் வகுப்பில் முதல் பெஞ்சு. “மேடம், ஒரு சந்தேகம். சினிமாவுல வெள்ளை கீழ இருக்கு, காலு வைக்கிற எடம்னு சொல்லுதீங்க. இங்க வெள்ளை மேல இருக்கு. சாரும் மேல கனக்குதுன்னு எழுதி ஒட்டிருக்காங்க. எது சரி மேடம்?” எல்லாத் தலைகளும் சுவர்ப் பக்கம் திரும்பின. அக்காவும் திரும்பிப் பார்த்தாள். நிதானமாகத்தான் பார்த்தாள். “சினிமாவுல மாறி வந்திருக்கும்,” என்றாள். “அவுக வசதிக்குத் திருப்பிருப்பாக.” பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நிலோபர், “மேடம், நான் எதையும் திருப்பலையே,” என்று தொடங்கினாள். “நீங்க வரைஞ்சிட்டு இருக்கும்போதே...” என்றவள் அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள். மைக்கைப் பிடித்திருந்த கை தாழ்ந்தது. எத்தனையோ வருஷ உழைப்பு, முதல் தடவை காட்டுகிறாள், பொய்ப்படம் எடுத்தவள் என்ற பெயரோடு போகப் போகிறாள், அப்படியும் வாயை மூடிக்கொண்டாள். தணிகாசலம் எப்போது எழுந்தான், எப்போது மைக்கை வாங்கினான் என்று அவனுக்கே தெரியாது. “ரெண்டும் சரிதான்,” என்று தன் குரல் சொல்வதைக் கேட்டான். “வரையும்போது வெள்ளை கீழே இருந்தது. மாட்டும்போது அக்காதான் திருப்பி மாட்டச் சொன்னாங்க. ஓர் ஓவியத்தை எந்தப் பக்கம் பார்க்கிறதுங்கிறது வரைஞ்சவங்க உரிமை. காலடியில் இருந்ததைத் தலைக்கு மேல தூக்கி வச்சுப் பாருன்னு நமக்குச் சொல்றாங்க.” பலத்த கைதட்டல். இசக்கியம்மாள் குறிப்பு எடுத்துக்கொண்டாள். நிலோபர் அவனைப் பார்த்த பார்வையில் நன்றி இருந்தது. எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது, மூன்று பேர் மானமும் ஒரே பொய்யில் தப்பியதே என்று அவன் மைக்கை அணைத்துக் கையோடு கொண்டுவந்து உட்கார்ந்தான். வயிற்றில் பசிகூட எடுத்தது.

டீக் கோப்பைகள் கை மாறிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்துக்கு நடுவில் அக்கா அவன் பக்கம் குனிந்தாள். “நான் சொன்னேனா?” என்றாள். எப்போதும் பேசுகிற குரல் இல்லை. கதவு தாழ் போட்டிருக்கிறதா என்று ராத்திரி எழுந்து பார்க்கிறவர்கள் குரல். “திருப்பி மாட்டச் சொன்னேனா நானு?” ஆமாம் என்று சொல்ல வாய் திறந்தது. சொல்லிவிட்டால் போதும், அவள் நம்பிவிடுவாள், நம்பத் தயாராகத்தான் இருக்கிறாள், கண்கள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. அப்போதுதான் தணிகாசலத்துக்குத் தான் செய்தது என்னவென்று உறைத்தது. மறந்துபோகிறவளிடம், மறக்காத ஒன்றைக் காட்டி, நீ மறந்துவிட்டாய் என்று சொல்லியிருக்கிறான். அவள் அப்படிச் சொல்லவே இல்லை. சொல்லாதது நினைவில் இல்லாமல் இருப்பது எவ்வளவு சரி. அவளிடம் சரியாக மிஞ்சியிருந்த ஒன்றைத்தான் இவன் எடுத்துச் செலவழித்திருக்கிறான், தன் மானத்துக்கும் அவள் மானத்துக்குமாக. வெட்கம் என்றால் இதுதான் வெட்கம், சற்று முன் இருட்டில் காது சூடானதெல்லாம் ஒன்றுமே இல்லை. “இல்லக்கா,” என்றான். “நீங்க ஒண்ணும் சொல்லல. நான்தான் தலைகீழா மாட்டிட்டேன். அம்பைத் தப்பாப் பாத்துட்டேன். இப்ப மைக்குல சொன்னது பொய்.” அவள் கோபப்படுவாள் என்று காத்திருந்தான். அவள் கோப்பையைத் தரையில் வைத்தாள். “சொல்லவே இல்லியா?” “சொல்லவே இல்லக்கா.” “நல்லா யோசிச்சுச் சொல்லு.” “சத்தியமா நீங்க சொல்லல.” “வீட்டுல எதைக் கேட்டாலும் நீங்கதானே சொன்னீங்கன்னு சொல்லுதாக,” என்றாள். “சாவியை அங்க வைக்கச் சொன்னது நானாம். வரையுற ரூமைப் பூட்டச் சொன்னதும் நானாம். இருக்கும் இருக்கும்னு தலையாட்டிக்கிட்டே இருக்கேன். எது சொன்னேன், எது சொல்லலன்னு நான் யாரைப் போய்க் கேக்க? இப்பம் சினிமாவுல பாத்தனே, அந்தக் கை என் கைன்னு தெரிஞ்சுது. அது வரைஞ்ச படம் என்னுதுன்னு தெரியல, தணிகாசலம்.” கண்ணில் நீர் இல்லை. அவனுக்குத்தான் திரை, சுவர், ஆட்கள் எல்லாம் கலங்கித் தெரிந்தன. “மைக்கை இங்க குடு,” என்றாள். “எதுக்குக்கா?” என்றான். “குடு.” மைக்கைப் போட்டுக் கொடுத்தான். அக்கா நாற்காலிப் பிடியை ஊன்றி எழுந்து நின்றாள். டீக் கோப்பையோடு எல்லாரும் திரும்பினார்கள். “ஒரு விஷயம்,” என்றாள். “அந்தப் புள்ள சினிமாவுல காட்டுனது சரியாத்தான் இருக்கும். தணிகாசலம் இப்பம் சொன்னது பொய். திருப்பி மாட்டுன்னு நான் சொல்லல. எனக்கு இப்பல்லாம் நெறைய மறக்கு. ஆனா இதைச் சொல்லலங்கிறது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.” கூடமே சிரித்தது. அக்காவின் குறும்பு ஊரறிந்ததல்லவா. நிலோபர் மட்டும் சிரிக்கவில்லை. தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டு அழுதான், யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று. அக்கா உட்கார்ந்தாள். முகம் மழை விட்ட மாதிரி இருந்தது. மைக்கை அணைக்காமலே அவன் பக்கம் சாய்ந்து, “சரியாத்தானே சொன்னேன்?” என்று கேட்டாள். அந்தக் கேள்வி ஒலிபெருக்கி வழியாகக் கடைசி வரிசை வரைக்கும் போயிற்று. சிரிப்பு நின்றது. தணிகாசலம் அவள் கையிலிருந்த மைக்குக்குள்ளேயே சொன்னான், “சரியாச் சொன்னீங்கக்கா.”